வீட்டுக்கும் ஒரு மணி வேண்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மேடையில் பேசுவதற்குப் பெரிய விடயங்கள் பல இருக்கின்றன. கல்லூரியின் வரலாறு இருக்கிறது. பெண் கல்வி இருக்கிறது. செயற்குழு என்னிடம் கேட்டதோ மிகச் சிறிய விடயம். "பிள்ளையள் வீட்டிலை ரீவி பாக்கிறதை எப்பிடிக் குறைக்கிறது எண்டு கதையுங்கோ ரீச்சர். கூட்டம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்" என்றார்கள். ஆரம்பப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவள் என்பதால் என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

விடயம் சிறியதுதான். ஆனால் இந்த விழா முடிந்து நாங்கள் வீட்டுக்குப் போய், சேலை மாற்றி, முகம் கழுவி ஹோலுக்கு வரும்போது அங்கே எங்களுக்கு முன்னரே ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். அவர் எப்போது பேச்சை நிறுத்த வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? அதுதான் இன்றைய கேள்வி.

எங்கள் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்த கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். இலங்கையில் 1979ஆம் ஆண்டு சுயாதீன தொலைக்காட்சியுடன் அது தொடங்கியது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் ரீவி இருக்கும் வீட்டை வீதியில் வரும்போதே கண்டுபிடிக்கலாம். கூரைக்கு மேலே உயர்ந்த கம்பத்தில் அன்ரெனா நிற்கும். அதைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்பினால் தூரதர்சன் பிடிக்கும். காற்றடித்தால் படம் போய்விடும். ஒருவர் முற்றத்தில் நின்று கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் யன்னலால் "இப்ப தெரியுது, இப்ப இல்லை" என்று சத்தம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அயலெல்லாம் வந்து பாயில் இருக்கும்.

பிறகு 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் அது திரும்பவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். படம் பார்க்க ஆசை வந்தால் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஓர் இரவில் மூன்று நான்கு படங்களைப் பார்த்து முடித்து, விடியத்தான் நித்திரைக்குப் போவார்கள்.

அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் புகழ என்ன இருக்கிறது? நான் கவனிக்கச் சொல்வது வேறு. எங்கள் தலைமுறைக்குத் தொலைக்காட்சியில் ஓர் அளவு இருந்தது; அந்த அளவை நாங்கள் வைக்கவில்லை. காற்று வைத்தது. ஒளிபரப்பு முடிந்து திரையில் விழுந்த புள்ளி வைத்தது. யுத்தம் வைத்தது. மண்ணெண்ணெய் விலை வைத்தது. இன்று மின்சாரம் இருபத்துநான்கு மணிநேரமும் இருக்கிறது. கேபிளிலும் டிஷ்ஷிலும் நூறு அலைவரிசைகள் வருகின்றன. அது போதாதென்று கைத்தொலைபேசியில் யூரியூப். ஒரு கார்ட்டூன் முடிந்தால் அடுத்தது தானாகவே தொடங்குகிறது. வெளியே இருந்து வந்த அளவுகள் எல்லாம் போய்விட்டன. வீட்டுக்குள்ளே ஓர் அளவு வைக்கும் பழக்கம் எங்களுக்கு எப்போதுமே தேவைப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு படித்த பெண்கள் ஒரு ரிமோட்டுக்கு முன்னால் தடுமாறுகிறோம்.

ஒரு சிறிய கணக்குப் பார்ப்போம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. ஆறு மணிநேரம். ஆண்டுக்குச் சுமார் 200 நாட்கள் என்று வைத்தால் 1,200 மணிநேரம். ஒரு பிள்ளை நாளுக்கு மூன்று மணிநேரம் திரை பார்த்தால், பாடசாலை நாளும் விடுமுறை நாளும் சேர்த்து ஆண்டுக்கு 1,095 மணிநேரம். அதாவது ஏறத்தாழ இன்னொரு பாடசாலை. அந்தப் பாடசாலைக்கு அதிபர் இல்லை, பாடத்திட்டம் இல்லை, பெற்றோர் கூட்டம் இல்லை. வகுப்பு ஆசிரியை யாரென்றும் எங்களுக்குத் தெரியாது.

தொலைக்காட்சி நஞ்சு என்று நான் சொல்லமாட்டேன். 1996இல் எங்கள் நாட்டு அணி உலகக் கிண்ணத்தை வென்றதை அதில்தான் பார்த்தோம். ஆழ்கடலின் அடியில் வாழும் மீனையும், முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சையும் என் வகுப்புப் பிள்ளைகள் அதில்தான் முதலில் கண்டார்கள். பிரச்சினை அது காட்டுவதில் ஒரு பங்குதான். பெரிய பங்கு, அது இருக்கும் நேரத்தில் நடக்காமல் போவதில் இருக்கிறது. மூன்று விடயங்கள் நடக்காமல் போகின்றன: பேச்சு, நித்திரை, சாப்பாடு.

முதலில் பேச்சு. 2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு மாதக் குழந்தை முதல் நான்கு வயது வரையான முந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை அணிவித்து, நாள் முழுவதும் அவர்கள் காதில் விழுந்ததைப் பதிவு செய்தார்கள். தொலைக்காட்சி ஒலிக்கும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும், வளர்ந்தவர்களிடமிருந்து பிள்ளை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. பிள்ளை அதைப் பார்த்ததா இல்லையா என்பது பெரிய விடயமில்லை. பக்கத்தில் அது ஒலித்தாலே நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். "என்னம்மா செய்யிறாய், அந்தப் பந்து எங்கை போச்சுது, காகம் வந்ததோ" என்று வழமையாகச் சொல்லும் அந்தச் சாதாரண சொற்கள்தான் போய்விடுகின்றன. ஒரு பிள்ளை மொழியைக் கற்பது அந்தச் சாதாரண சொற்களில்தான்.

"ரீவியிலும் தமிழ்தானே கேக்குது?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் ஒரு நல்ல பரிசோதனை உண்டு. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றிசியா கூல் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர் நேரில் இருந்து விளையாடிக் கதை வாசித்தார். 25 நிமிடங்கள் வீதம் பன்னிரண்டு தடவைகள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள் பேசியதைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் பார்த்தவர்கள் பிடிக்கவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. திரை பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. பிள்ளை கேட்டால் பதில் சொல்லாது. பிள்ளை சொன்னாலும் கேட்காது.

முதலாம் வகுப்பில் இதை நான் ஆண்டுதோறும் பார்த்தேன். பாட்டு முழுவதும் பாடம். விளம்பரம் வரிக்கு வரி பாடம். ஆனால் "நேற்று வீட்டிலை என்ன நடந்தது, சொல்லு பாப்பம்" என்று கேட்டால் சில பிள்ளைகள் மூன்று வசனம் தொடர்ந்து சொல்லத் தடுமாறுவார்கள். கேட்டுக் கேட்டு நிரம்பிய காது. ஆனால் யாரும் தன்னைக் கேட்டுப் பழகாத வாய். இப்போது சில பிள்ளைகள் "செய்யிறன்" என்பதை விட்டு "பண்றேன்" என்கிறார்கள். அதில் எனக்குக் கோபமில்லை, அதுவும் தமிழ்தான். எனக்குக் கவலை, அந்தப் பிள்ளையோடு அதிக நேரம் பேசியது யார் என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறதே என்பதுதான்.

இரண்டாவது நித்திரை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணிநேர நித்திரை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாடசாலை வானுக்காக 5.30க்கு எழும்பும் பிள்ளை, குறைந்தது ஒன்பது மணிநேரம் நித்திரை கொள்ள வேண்டுமானால் 8.30க்குப் படுக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பத்து மணி வரை நாடகம் ஓடுகிறது. பிள்ளை பார்க்கவில்லை, அறைக்குள் படுத்திருக்கிறது என்பீர்கள். மாமியாரும் மருமகளும் சண்டை பிடிக்கும் சத்தத்தில், அதுவும் பின்னணி இசையோடு, எந்தப் பிள்ளைக்கு நித்திரை வரும்? காலையில் முதற் பாடத்திலேயே கொட்டாவி விடும் பிள்ளையைப் பார்த்தால், முதல் நாள் இரவு எந்த நாடகத்தில் என்ன நடந்தது என்று அதனிடம் கேட்டே அறியலாம்.

மூன்றாவது சாப்பாடு. கார்ட்டூனைப் போட்டுவிட்டு வாய்க்குள் வைத்தால் பிள்ளை மறுக்காமல் விழுங்கிவிடும். வேலைக்குப் போக அவசரப்படும் தாய்க்கு அது பெரிய உதவிதான். ஆனால் பசிக்கிறது, போதும், இது கத்தரிக்காய், இது எனக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் பிள்ளை அறிய வேண்டியவை. திரையைப் பார்த்து விழுங்கும் பிள்ளை எதையும் அறியாமல் வயிறு நிரம்புகிறது.

எத்தனை மணிநேரம் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்காக, பொறுப்பான அமைப்புகள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2016இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு விலக்கு: பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் வீடியோ அழைப்பில் உறவினரோடு பேசுவது பரவாயில்லை. ஆறு வயதுக்கு மேல் அவர்கள் ஒரே எண் எதையும் சொல்லவில்லை. நித்திரையையும் விளையாட்டையும் படிப்பையும் விழுங்காத ஓர் அளவை ஒவ்வொரு வீடும் வகுத்து, அதில் நிலையாக நிற்க வேண்டும் என்கிறார்கள்.

அந்த "நிலையாக" என்ற சொல்தான் கடினம். ஏன் கடினம் என்பதற்கு எங்கள் விடுதி மணி விடை சொல்லும் என்று நினைக்கிறேன்.

விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். விடிய ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, பின்னேரப் படிப்புக்கு ஒரு மணி, விளக்கணைக்க ஒரு மணி. அந்த மணியை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்போம்! ஆனால் யாரும் அதை அநியாயம் என்று சொன்னதில்லை. ஏனென்றால் அது எல்லோருக்கும் அடித்தது. படிப்பு மணி அடித்தால் மேற்பார்வை ஆசிரியையும் தன் புத்தகத்தோடு முன்னால் வந்து இருப்பார். சாப்பாட்டு மணி அடித்தால் அவரும் அதே மேசைக்கு வருவார். எங்களைப் படிக்கச் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறையில் ஊர்க்கதை கதைத்துச் சிரித்துக்கொண்டு இருந்திருந்தால், அந்த மணிக்கு யார் மதிப்புக் கொடுத்திருப்பார்கள்?

இப்போது எங்கள் வீடுகளைப் பாருங்கள். "போய்ப் படி" என்று பிள்ளையை அறைக்குள் அனுப்புகிறோம். ஹோலில் அம்மம்மாவுக்கு நாடகம், அப்பாவுக்குச் செய்தி, அம்மாவின் கையில் தொலைபேசி. அந்த நேரத்து நிகழ்ச்சிகள் பிள்ளைகளுக்கானவை அல்ல. ஆறரை மணி முதல் பத்து மணி வரை ஓடுவது பெரியவர்களின் தொலைக்காட்சி. பிள்ளைக்கு மட்டும் ஓர் அளவு, பெரியவர்களுக்கு அளவே இல்லை என்றால், பிள்ளை ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும்: வளர்ந்துவிட்டால் இதற்கு அளவில்லை. ஆகவே பிள்ளைக்கு நேரம் குறிப்பதை விட்டுவிட்டு வீட்டுக்கு நேரம் குறியுங்கள். நான் இங்கே சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ஆண்டு வந்தால், பல வீடுகளில் கேபிளை வெட்டி ரீவிக்குச் சீலை போட்டு மூடிவிடுவார்கள், செத்த வீடு போல. பரீட்சை முடிந்த அன்று பின்னேரம் சீலையை எடுப்பார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் புள்ளி வந்தால் பரிசாக ஒரு ரப் அல்லது கைத்தொலைபேசி. பிறகு சாதாரண தரத்துக்கு மறுபடியும் சீலை. இதில் பிள்ளை அறிவது என்ன? படிப்பு என்பது தண்டனை, திரை என்பது விடுதலை. திரையைப் பரிசாகவும் கொடுக்காதீர்கள், தண்டனையாகவும் பறிக்காதீர்கள். சோற்றைப் போல அதற்கும் ஒரு நேரம், ஓர் அளவு. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அதே அளவு, குழப்படிப் பிள்ளைக்கும் அதே அளவு.

சரி, எப்படிச் செய்வது? நான் கற்பித்த பிள்ளைகளின் வீடுகளில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், ரீவி போட்ட நேரம், நிற்பாட்டிய நேரம், யார் போட்டது என்று குறியுங்கள். பிள்ளையையே எழுத விடுங்கள். வார முடிவில் கூட்டிப் பார்க்கும்போது அந்த வீட்டில் யார் அதிகம் பார்ப்பவர் என்று தெரியும். பெரும்பாலும் அது பிள்ளையாக இராது.

இரண்டாம் வாரம் வீட்டுக்கு ஒரு மூடிய நேரம் வையுங்கள். பள்ளி நாட்களில் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கேற்றும் நேரம், செப நேரம், படிக்கும் நேரம், சாப்பிடும் நேரம் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்த இரண்டு மணிநேரமும் ரீவி இல்லை. தொலைபேசித் திரையும் இல்லை. அழைப்பு வந்தால் பேசலாம். இது வீட்டிலுள்ள எல்லோருக்கும். படுப்பதற்கு முந்திய ஒரு மணிநேரமும் பிள்ளைக்குத் திரை வேண்டாம். அந்த நேரத்தில் ஹோலில் யாராவது பார்ப்பதென்றால், பிள்ளையின் அறைக்குக் கேட்காத சத்தத்தில் பார்க்கட்டும்.

மூன்றாவது, இடம். படுக்கையறையில் தொலைக்காட்சி வேண்டாம். இரவில் வீட்டிலுள்ள தொலைபேசிகள் எல்லாம் ஹோலில் ஓரிடத்தில் சார்ஜில் இருக்கட்டும், அப்பாவின் தொலைபேசி உட்பட.

நான்காவது, நேரத்தால் அளப்பதிலும் நிகழ்ச்சியால் அளப்பது சுகம். "அரை மணித்தியாலம்" என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்காது. "இந்த ஒரு கதை முடிய நீயே நிற்பாட்ட வேணும்" என்றால் விளங்கும். இடையில் பறித்தால் அழும், நாங்களும் அழுவோம். யூரியூப்பில் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். எப்போதும் முடியாத ஒன்றை நிற்பாட்டு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. சுவிச்சைப் பிள்ளையின் கையாலேயே அணைக்கச் செய்யுங்கள். தானே அணைத்த பிள்ளைக்கு அதில் ஒரு பெருமை வரும்.

ஐந்தாவது, முடிந்தவரை கூட இருந்து பாருங்கள். ஒரு யானைக்குட்டியைப் பற்றிய படத்தை நீங்களும் பார்த்து, "ஏன் அது தாயை விட்டுப் போச்சுது?" என்று கேட்டால், திரை சொல்லாத பாதியை நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள்.

முதல் இரண்டு வாரமும் கடினமாக இருக்கும். பிள்ளை "போரடிக்குது" என்று பின்னால் திரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். அலுப்பு என்பது விளையாட்டின் வாசற்படி. சிறிது நேரம் அங்கே நிற்க விட்டால் பிள்ளை தானே உள்ளே போகும். ஆனால் வெறும் நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டு நாங்கள் வேறெங்கோ போகக்கூடாது. கொக்கான் வெட்டுவது எப்படி என்று இன்றைய பிள்ளைக்கு யார் காட்டுவது? யூரியூப்பா? இந்த மண்டபத்தில் இருக்கும் கைகள்தான் காட்ட வேண்டும். தாயம் இருக்கிறது, கரம் இருக்கிறது, முற்றம் இருந்தால் கிளித்தட்டு இருக்கிறது. வெங்காயம் உரிக்க, பயற்றங்காய் முறிக்க, பூக்கன்றுக்குத் தண்ணீர் விட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பாருங்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஆனால் அந்த நேரம் முழுவதும் பிள்ளை உங்களோடு கதைக்கும். கிழமைக்கு ஒருமுறை நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. எரிந்து மீண்ட கட்டடம் அது. அதன் படியில் பிள்ளை ஏறுவதே ஒரு பாடம்.

இனி அம்மம்மாமார், அப்பம்மாமார் பற்றி. அவர்களின் கையிலிருந்து ரிமோட்டைப் பறிக்கச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், முழங்கால் வருத்தம், கோயிலுக்கும் போக முடியாது. அவர்களுக்கு அந்த நாடகத்தில் வரும் குடும்பம்தான் பேச்சுத் துணை. அவர்களிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: "அம்மா, இந்த நாடகம் நாளைக்குப் பகல் திரும்பப் போடுவினம். அப்ப ஆறுதலாப் பாருங்கோ. இப்ப ஒருக்கால் இவளுக்குக் கதை சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தான் இவள் கேப்பாள்." தன் கதைக்கு ஒரு காது இருக்கிறது என்று தெரிந்தால், எத்தனையோ பேர் நாடகத்தைத் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். தொலைக்காட்சியை நிறுத்தும்போது பிள்ளையின் தனிமையோடு பெரியவர்களின் தனிமையும் வெளியே வரும். அதற்கும் நாங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் இதை வாசிக்கப்போகும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலைமை எனக்கு விளங்குகிறது. உங்களில் பலருக்கு வெளியே பனி, பின்னேரம் நாலரைக்கே இருட்டு, மாடிக் குடியிருப்பில் துள்ளி விளையாடினால் கீழ்வீட்டுக்காரர் தட்டுவார். கணவன் ஒரு ஷிப்ட், மனைவி ஒரு ஷிப்ட். அந்த இடைவெளியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தொலைக்காட்சிதான். இதில் உங்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இரண்டு மணிநேரம் முடியாவிட்டால் இருபது நிமிடம் மூடுங்கள். சாப்பாட்டு நேரத்தை மட்டுமாவது மூடுங்கள். காரில் போகும்போது பின் ஆசனத்தில் திரை இல்லாமல் ஒரு கதை சொல்லுங்கள்.

"தமிழ் ரீவி இல்லாட்டில் பிள்ளை தமிழை எங்கை கேக்கும்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நேர்மையான கேள்வி. தமிழ் கேட்கட்டும், பாட்டுப் பாடட்டும். ஆனால் சற்று முன் சொன்ன அந்தச் சீன மொழிக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மொழி பிள்ளைக்குள் போவதற்கு, அந்த மொழியில் பிள்ளையைப் பார்த்துப் பேசும் ஒரு முகம் வேண்டும். மருத்துவர்கள் விலக்கு அளித்த அந்த வீடியோ அழைப்பைப் பயன்படுத்துங்கள். சனிக்கிழமைதோறும் ஊரிலிருக்கும் அம்மம்மா இருபது நிமிடம் கதை சொல்லட்டும். பிள்ளை பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் மறுமொழி சொல்லட்டும். இங்கே ஒரு தாய்க்குத் துணை, அங்கே ஒரு பிள்ளைக்கு மொழி. திரை ஒன்றுதான், ஆனால் அதற்குள் இருப்பவர் பிள்ளையின் பெயர் தெரிந்தவர்.

கொரோனாக் காலத்தில் பாடமே தொலைபேசிக்குள் வந்ததே என்றும் கேட்பீர்கள். உண்மை. பாடசாலைகள் மூடியிருந்த அந்த நாட்களில் சூம் வகுப்பு பல பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியது. ஆனால் வகுப்பு முடிந்தும் தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. பாடத்துக்கு வந்த கருவி பாடம் முடிந்ததும் மேசைக்குத் திரும்ப வேண்டும், கொம்பாஸ் பெட்டி போல.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாட்டில் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. புழுக்கம், நுளம்பு, எரிவாயு வரிசை, பரீட்சைப் பிள்ளைகளின் அந்தரம். அது துன்பமான காலம். ஆனாலும் சில தாய்மார் என்னிடம் ஒன்றைச் சொன்னார்கள்: "ரீச்சர், கரண்ட் இல்லாத நேரம் எல்லாரும் விறாந்தையிலை வந்து இருந்து கதைச்சம்." கரண்ட் வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்களாம்.

கரண்ட் இல்லாமல் இருட்டில் இருப்பதை ஒழுங்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கரண்ட் இருக்கும்போது, சுவிச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இன்றைக்கு இவ்வளவு போதும் என்று ஒரு குடும்பம் தானாக எழும்புவதுதான் ஒழுங்கு. அதைப் பழகிய பிள்ளை நாளை விடுதிக்குப் போனாலும் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தன் கையிலிருக்கும் தொலைபேசியைத் தானே கீழே வைக்கும். அங்கே நாங்கள் நிற்கமாட்டோம். பிள்ளையிடம் இருக்கப்போவது அந்தப் பழக்கம் மட்டும்தான்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் கல்லூரிக்குக் கட்டடம் தருகிறோம், புலமைப்பரிசில் நிதி தருகிறோம். அவற்றோடு செலவில்லாத ஒன்றையும் செய்யலாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உலகின் எந்த மூலையில் இருந்தாலும், வருகிற ஒரு மாதம், உங்கள் வீட்டுக்கு ஒரு மூடிய நேரத்தை வையுங்கள். மேசையில் ஒரு சிறிய மணியை வைத்து, அதை அடிக்கும் பொறுப்பை வீட்டில் மிகச் சிறிய பிள்ளைக்குக் கொடுங்கள். பிள்ளை அடித்ததும் முதலில் எழும்புபவர் நீங்களாக இருங்கள். மாத முடிவில் என்ன நடந்தது என்று சங்கத்துக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். முடியவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள். எந்த இடத்தில் முடியவில்லை என்று தெரிந்தால் அடுத்த வீட்டுக்கு உதவும்.

நேரம் கடந்துவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். மணி எல்லோருக்கும் பொதுவென்று சொன்னவள் நானே, ஆகவே நிறுத்துகிறேன்.